பழைய வீட்டுச் சாமான் ஒன்லைன்ல வித்த அனுபவம்: சைட்டுக்கு நாலு ஸ்டார், செக்குக்கு ஒண்டும் இல்ல

மாமியும் மாமாவும் பிள்ளையளோட போய் இருக்கப்போகினம், அதால வெள்ளவத்தை ஃபிளட்டை காலி பண்ண வேண்டி வந்தது, சாமான் விக்கிற வேலை என்ர தலையில. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தேக்கு சாப்பாட்டு மேசை ஆறு கதிரையோட, ரெண்டு ஏசி, தையல் மெஷின், பிறகு சட்டி பானை பூச்சாடி எண்டு சில்லறைச் சாமான் கொஞ்சம். இக்மன் எண்ட விளம்பர சைட், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், எங்கட லேன் ஆக்களின்ர வட்ஸ்அப் குரூப், மூண்டிலயும் போட்டு வித்தன். அந்த மூண்டையும் பற்றித்தான் இந்த ரிவ்யூ, ஆனா சைட்டை விட காசு எப்பிடிக் கைக்கு வருது எண்டதைத்தான் கூட எழுதப்போறன், ஏனெண்டா கரைச்சல் முழுக்க அங்கதான் கிடக்குது. நான் புறக்கோட்டையில ஒரு ஹோல்சேல் கடையில எக்கவுண்ட்ஸ் பாக்கிறனான், செக் பிடிச்சு செக் போட்டு ரிட்டர்ன் ஆன செக்குக்குப் பின்னால அலையிறது தான் என்ர உத்தியோகமே, அதால இதில கொஞ்சம் விளக்கமா கதைக்கலாம் எண்டு நினைக்கிறன்.

முதல்ல இக்மன். 2012ல இருந்து இருக்கிற சைட், கொழும்பில பழைய சாமான் தேடுற சனம் முதல்ல தட்டிப் பாக்கிறது அதைத்தான். ஏரியா போட்டு, வகை போட்டு, போட்டோ போட்டு விட்டா பின்னேரமே கோல் வரத் தொடங்கும். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் கெதியா போயிட்டுது, சொன்ன விலையில இருந்து பெரிசா குறைக்கவும் இல்ல. போட்டோ பகல் வெளிச்சத்தில எடுங்கோ, ஃபிரிட்ஜை திறந்து உள்ளுக்கையும் எடுங்கோ, கீறல் இருந்தா கீறலையும் எடுங்கோ, அப்பத்தான் வீட்டு வாசல்ல வந்து நிண்டு "இது போட்டோவில தெரியேல்லயே" எண்டு அஞ்சாயிரம் குறைக்கிற கதை வராது. "கீயடத தென்னே" (என்ன விலைக்குத் தருவீங்கள்) எண்டு சிங்களத்தில ஒரு வணக்கம் கூட இல்லாம கேக்கிறவைக்கும் பொறுமையா பதில் சொல்லுங்கோ, சும்மா கேக்கினம் எண்டு நினைச்ச ஆள்தான் கடைசியா ஏசியை எடுத்துக்கொண்டு போனவர்.

விளங்கிக்கொள்ள வேண்டிய ஒரு விசயம் என்னெண்டா இந்த மாதிரி சைட்டுகள் விளம்பரப் பலகை தான், காசு அவைட கையால போறதில்ல. வாங்குற ஆளும் விக்கிற ஆளும் நேர பேசி முடிக்கிற விசயம். நேர்ல சந்தியுங்கோ, முன்காசு அனுப்பாதேங்கோ எண்டு அவையே சைட்டில போட்டிருக்கினம், ஆனா அதை வாசிக்கிறது ஆர்? அந்த அறிவுரையும் கூடுதலா வாங்குற ஆளுக்கு சொன்ன மாதிரித்தான் எல்லாரும் நினைக்கினம், விக்கிற எங்களையும் பேய்க்காட்டலாம் எண்டு ஒருத்தருக்கும் ஓடுறதில்ல. சாமான் எங்கட கையில தானே இருக்கு, எங்களுக்கு என்ன பயம் எண்ட நினைப்பு.

மார்க்கெட்பிளேஸில மெசேஜ் மழை மாதிரிக் கொட்டும், வாங்குறது குறைவு. ஒரு நல்ல விசயம், ஆளின்ர ப்ரொஃபைலை பாக்கலாம், எப்ப தொடங்கின எக்கவுண்ட், குடும்பப் படம் ஏதும் இருக்கா, எங்க இருக்கிற ஆள் எண்டு ஓரளவு பிடிபடும். போன கிழமை தொடங்கின எக்கவுண்ட், நண்பர் ஒருத்தரும் இல்ல, படம் ஒரு பூ, அப்பிடி எண்டா நான் பதில் எழுதுறதே இல்ல. லேன் குரூப்பில விலை குறைவாத்தான் போகும், தெரிஞ்ச ஆக்கள் எண்டு மனச்சாட்சிக்குக் குறைக்க வேண்டி வரும், ஆனா தையல் மெஷினை நாலு வீடு தள்ளி இருக்கிற அக்கா கையில காசோட வந்து தூக்கிக்கொண்டு போனா, பிறகு ஒரு தொல்லையும் இல்ல.

இனி செக் கதை. எந்த சைட்டால வந்த ஆள் எண்டு சொல்லேல்ல, எல்லாத்திலயும் இப்பிடி ஆக்கள் இருக்கினம். மேசையும் ஏசி ரெண்டும் சேர்த்து 185,000 எண்டு போட்டிருந்தன். ஒரு ஆள் நல்ல தமிழ்ல மெசேஜ் போட்டார், அக்கா எண்டு தான் கதை, "அக்கா பேரம் ஒண்டும் இல்ல, சொன்ன விலைக்கே எடுக்கிறம், கம்பெனி கெஸ்ட் ஹவுஸுக்கு, நான் இப்ப அம்பாறையில வேலை சைட்டில நிக்கிறன், வந்து பாக்க நேரமில்ல, எக்கவுண்ட்ஸ் ஆக்கள் காசு போடுவினம், எக்கவுண்ட் நம்பரை மட்டும் அனுப்புங்கோ" எண்டார். இதுவரைக்கும் பெரிசா பிழை ஒண்டும் இல்ல, எக்கவுண்ட் நம்பர் இல்லாம ஒருத்தரும் காசு போட ஏலாது. ஆனா தேக்கு மேசை வாங்குற ஆள் மேலதிகமா ஒரு போட்டோ கூடக் கேக்கேல்ல, ஏசி எத்தினை பிடியூ, அதாவது எவ்வளவு பவர் எண்டும் கேக்கேல்ல, இன்வர்ட்டரா எண்டும் கேக்கேல்ல. சாமானில அக்கறையே இல்லாம வாங்க அவசரப்படுற ஆளை நான் இன்னும் காணேல்ல, அதில தான் எனக்கு முதல் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு ஸ்லிப் போட்டோ வந்தது. செக் டிப்போசிட் மெஷின்ல போட்ட ஸ்லிப், என்ர எக்கவுண்ட் நம்பர் சரி, பேர் சரி, தொகை மட்டும் 260,000. ரெண்டு நிமிசத்தில கோல். "ஐயோ அக்கா, எக்கவுண்ட்ஸ் பிள்ளை ரெண்டு பில்லை சேர்த்து ஒரே செக்கா எழுதிப்போட்டுது, 75,000 கூடப் போட்டுது, பரவாயில்ல, அந்த 75 ஐ லொறிக்கார தம்பிட எக்கவுண்டுக்கு இப்பவே போட்டுவிடுங்கோ, அவர் காசு வந்தாத்தான் லொறி எடுப்பார், நாளைக்கு விடிய சாமானை ஏத்திடுவார்." அப்ப என்ர பேங்க் அப்பை திறந்து பாத்தா பலன்ஸ் கூடித்தான் இருக்குது! இந்த இடத்தில தான் கனபேர் விழுகினம், ஏனெண்டா ஸ்லிப்பும் பொய் இல்ல, அப்பில காட்டுற தொகையும் பொய் இல்ல.

சில பேங்க் அப்புகள்ல ரெண்டு தொகை காட்டும். ஒண்டு மொத்த பலன்ஸ், மற்றது அவைலபிள் பலன்ஸ். செக் போட்டவுடன மொத்தம் கூடும், அவைலபிள் அசையாது. நீங்கள் எடுக்கக்கூடிய காசு ரெண்டாவது தான். மெஷின் தாற ஸ்லிப் சொல்லுறது எல்லாம் "இந்தத் தாளை இந்த மெஷினுக்குள்ள ஒருத்தர் போட்டவர்" எண்டது மட்டும் தான், அந்தத் தாளுக்குப் பின்னால காசு இருக்கா எண்டு மெஷினுக்கு ஒண்டும் தெரியாது, தொகையை எழுதினதும் போட்ட ஆள்தான். 2006ல இருந்து எங்கட நாட்டில செக் தாள் ஊர் சுத்துறேல்ல, அதின்ர இமேஜ் தான் மற்ற பேங்குக்குப் போகுது, அதால நேரத்துக்குப் போட்டா அடுத்த வேலை நாள் முடிவு தெரியும். வேலை நாள் எண்டதைக் கவனியுங்கோ. வெள்ளி பின்னேரம் நேரம் கடந்து போட்ட செக், சனி ஞாயிறு லீவு, அதுக்கடுத்த திங்கள் போயா எண்டு பௌர்ணமி லீவு, செவ்வாய் தான் கணக்கில எடுப்பினம், புதன் தான் முடிவு. சனிக்கிழமை விடிய லொறி வரும் எண்டு அவர் சொன்னதுக்கு காரணம் இது தான். போயாவை கலண்டரில பாத்துத்தான் போட்டிருப்பார் எண்டு நினைக்கிறன், அவ்வளவு வடிவா பொருந்தினது.

நான் சொன்னன், தம்பி புதன்கிழமை காசு கிளியர் ஆகட்டும், வியாழன் லொறியை அனுப்புங்கோ, கூட வந்ததை உங்கட கம்பெனி எக்கவுண்டுக்கே திருப்பிப் போடுறன். உடன குரல் மாறிட்டுது. "என்ன அக்கா எங்களை நம்பேல்லையோ", பிறகு "பெரிய கம்பெனி அக்கா", பிறகு "எங்கட காசை வச்சுக்கொண்டு சாமான் தராட்டி பொலிசுக்குப் போவம்". நல்லது தம்பி, போங்கோ எண்டன். பிறகு கோலும் இல்ல மெசேஜும் இல்ல, ப்ரொஃபைலும் காணாமப் போச்சு. செக் ரிட்டர்ன், காரணம் எக்கவுண்ட் குளோஸ்ட். சனிக்கிழமை சாமானையும் குடுத்து 75,000ஐயும் அனுப்பியிருந்தா மொத்தம் 260,000 போயிருக்கும், அந்த ஆளுக்குச் செலவு ஆரோ எப்பவோ மூடின எக்கவுண்டின்ர ஒரு செக் தாள்.

இது எங்கட ஆக்கள் கண்டுபிடிச்சதும் இல்ல, அமெரிக்காவில பழைய சுத்துமாத்து. அங்க கேஷியர்ஸ் செக் எண்டு பேங்கே எழுதித் தாற செக்கை அச்சு அசலா அடிச்சு அனுப்புவாங்கள், விலையை விடக் கூட எழுதி, மிச்சத்தை சாமான் ஏத்த வாற ஆளுக்கு அனுப்பச் சொல்லுவாங்கள். அங்க சட்டப்படி பேங்க் டிப்போசிட் பண்ணின காசை ஓரிரு நாளில எடுக்க விடவேணும், செக் போலி எண்டு தெரியவர சிலவேளை வாரக்கணக்கில போகும். அப்ப அவைலபிள் பலன்ஸில காட்டினாலும் அங்க நம்பேலாது, எடுத்துச் செலவழிச்சிட்டா, செக்கை டிப்போசிட் பண்ணின ஆளிட்டத்தான் பேங்க் பிறகு காசைத் திருப்பிக் கேக்கும். எங்கட முறையில முடிவு கெதியா தெரியிறதால நாங்கள் கொஞ்சம் குடுத்துவச்ச ஆக்கள். ஆனா இங்கயும் களவெடுத்த செக் புத்தகத்தில கள்ளக் கையெழுத்து வச்சு வந்தா, சொந்தக்காரர் கண்டுபிடிச்சு கேள்வி கேக்கேக்க பிறகும் இழுபறி வரலாம், போலிக் கையெழுத்து சட்டத்தில செல்லவே செல்லாது.

கனடாவில ஸ்காபரோவில இருக்கிற மச்சானிட்ட இதைச் சொல்ல அவர் சிரிக்கிறார், அங்க கார் விக்கிறவைக்கு பேங்க் டிராஃப்டில இதே விளையாட்டாம். அவர் கிஜிஜி எண்ட அங்கத்தைய விளம்பர சைட்டில காரைப் போட, ஒருத்தன் சனிக்கிழமை பின்னேரம் டிராஃப்டோட வந்து நிண்டானாம், பேங்க் பூட்டின பிறகு. மச்சான் திங்கள் உன்ர பேங்க் பிராஞ்சுக்கு ரெண்டு பேரும் போவம், கவுண்டரில எனக்கு முன்னால டிராஃப்ட் எழுதட்டும் எண்டவர், ஆள் திரும்பி வரேல்ல. அடுத்து வாங்க வந்தவர் ஒரு முகச்சுளிப்பும் இல்லாம பிராஞ்சுக்கு வந்து எழுதிக் குடுத்தவராம். டிராஃப்டில அடிச்சிருக்கிற போன் நம்பருக்கு எடுத்துச் சரி பாக்காதேங்கோ, அந்த நம்பரும் கள்ளன்ர நம்பரா இருக்கும், பேங்கின்ர நம்பரை நீங்களா தேடி எடுங்கோ எண்டும் சொன்னவர், இது இங்கயும் பொருந்தும்.

செக்கே கூடாது எண்டு நான் சொல்ல வரேல்ல, சொன்னா என்ர முதலாளி என்னை வேலையால நிப்பாட்டிடுவார். புறக்கோட்டை ஓடுறதே செக்கில தான், அதுவும் 60 நாள் 90 நாள் தள்ளித் திகதி போட்ட செக்கில. ஆனா அங்க நாங்கள் பிடிக்கிறது தாளை இல்ல, ஆளை. எந்த ஊரில கடை, அப்பா ஆர், போன சீசன் எத்தினை செக் திரும்பினது, கோல் எடுத்தா எடுக்கிறவரா, எல்லாம் எங்கட கொப்பியில இருக்குது. புது ஆள் எண்டா முதல் பில் காசு, ரெண்டாம் பில்லும் காசு, பிறகு தெரிஞ்ச வியாபாரி ஒருத்தர் சொன்னாத்தான் செக். இவ்வளவு பாத்தும் திரும்புற செக் திரும்பித்தான் வருது. அப்ப ஒன்லைன்ல ஒரு பூப்படத்தை ப்ரொஃபைலா வச்சிருக்கிற ஆளின்ர செக்கை என்னத்தை நம்பி எடுக்கிறது? ஒருக்கா மட்டும் காணப்போற ஆளிட்ட செக்குக்கு வேலையே இல்ல, காசு இருக்கிற ஆளுக்கு அதைவிட லேசான வழி நாலு இருக்கு.

சட்டம் இருக்குத் தானே எண்டு கேப்பீங்கள். இருக்கு, 1990ம் ஆண்டின்ர 2ம் இலக்க கடன் அறவிடும் சட்டம், 25ம் பிரிவு, எக்கவுண்டில காசு இல்ல எண்டு தெரிஞ்சுகொண்டு செக் குடுக்கிறது கிரிமினல் குற்றம். கடை வியாபாரத்தில நாங்கள் அதைச் சொல்லி வெருட்டி காசு எடுத்தும் இருக்கிறம். ஆனா அதுக்கு செக் எழுதின ஆள் ஆர் எண்டு தெரியவேணும். மெஷினுக்குள்ள போட்ட ஆளும் செக்கில கையெழுத்து வச்ச ஆளும் உங்களோட போனில கதைச்ச ஆளும் மூண்டு பேராயிருந்தா ஆருக்கு எதிரா போறது? முறைப்பாடு கட்டாயம் குடுங்கோ, ரிட்டர்ன் காரணத்தோட பேங்க் தாற தாள், மெசேஜ், ஸ்லிப் போட்டோ எல்லாத்தையும் அழிக்காம வச்சு பொலிசில குடுங்கோ, ஒன்லைன் விசயம் எண்டா 101 க்கு எடுத்தா ஸ்ரீலங்கா சேர்ட் எண்ட இணையப் பாதுகாப்பு ஆக்கள் வழி சொல்லுவினம். உங்கட பேங்கே ஒழுங்கா பதில் சொல்லேல்ல எண்டா மத்திய வங்கியின்ர 1935 க்கு எடுங்கோ. ஆனா காசு திரும்பி வரும் எண்டு அதை நம்பிக்கொண்டு சாமானை ஏத்திவிடாதேங்கோ.

இனி நல்ல வழிகள். எனக்குப் பிடிச்சது சிஆர்எம், அதாவது காசு போடுற மெஷின். கொழும்பு காலி வீதியில எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒண்டு இருக்குது. ஃபிரிட்ஜ் வாங்கின ஆக்களோட அங்கயே போனன், அவை என்ர எக்கவுண்டுக்கு நேர காசைப் போட்டினம், மெஷினே எண்ணி, பழுதான தாளைத் திருப்பித் தள்ளி, அந்த நிமிசமே அவைலபிளில ஏறிட்டுது. கள்ள நோட்டுப் பயமும் இல்ல, காசை மடியில கட்டிக்கொண்டு ரோட்டால வாற பயமும் இல்ல. ஐஞ்சு ஸ்டார். ஒரு கவனம், அதே மூலையில நிக்கிற செக் போடுற மெஷினையும் இதையும் குழப்பாதேங்கோ, ஸ்லிப் போட்டோவை மட்டும் பாத்தா ரெண்டும் ஒரே மாதிரித்தான் கிடக்கும்.

கையில காசு வாங்கினா 5000 தாளை வெளிச்சத்தில தூக்கிப் பாருங்கோ, பறவையின்ர வாட்டர்மார்க் தெரியவேணும், நூல் தெரியவேணும், வாங்குற ஆளுக்கு முன்னாலயே எண்ணுங்கோ, மரியாதைக் குறைவெண்டு ஒண்டும் இல்ல.

ஒன்லைன் டிரான்ஸ்ஃபர் எண்டா செஃப்ட்ஸ், அதாவது ஒரு பேங்கில இருந்து மற்ற பேங்குக்கு உடன காசு போற முறை தான் வேணும் எண்டு கேளுங்கோ. 2015ல வந்தது, பேங்குகளை இணைக்கிற லங்காபேயின்ர, ராத்திரி பன்னிரண்டு மணியெண்டாலும் போயாவெண்டாலும் உடன வந்து சேரும், அனுப்புற ஆளுக்குச் செலவும் சின்னத் தொகை தான். ஸ்லிப்ஸ் எண்டு இன்னொரு முறை இருக்குது, அது கூட்டமாச் சேர்த்து அனுப்புறது, உடன வராது, அதோட நாளைக்குப் போகட்டும் எண்டு திகதி போட்டு வச்சிட்டு ஸ்கிரீன்ஷொட் அனுப்பிட்டு பிறகு கான்சல் பண்ணுற ஆக்களும் இருக்கினம். அதால ஸ்கிரீன்ஷொட்டுக்கு என்னட்ட ஸ்டாரே இல்ல, போட்டோ எடிட் பண்ணத் தெரிஞ்ச சின்னப் பெடியனே அதைச் செய்வான். எஸ்எம்எஸ்ஸையும் மட்டும் நம்பாதேங்கோ, பேங்கின்ர பேரில வாறது எல்லாம் பேங்க் அனுப்பினது இல்ல. உங்கட அப்பை நீங்களே திறந்து அவைலபிள் கூடியிருக்கா எண்டு பாக்கிறது ஒண்டு தான் கணக்கு. வாசல்ல ஆள் நிண்டா நிக்கட்டும், ஒரு தேத்தண்ணி குடுங்கோ.

இன்னொரு கூட்டம் இருக்கு, "காசு அனுப்பிட்டம், கூரியர் கம்பெனி வச்சிருக்குது, இந்த லிங்கில போய் கார்ட் நம்பர் போட்டா உங்களுக்கு வரும்" எண்டு. காசு வாறதுக்கு பேர், பேங்க், பிராஞ்ச், எக்கவுண்ட் நம்பர் இவ்வளவும் போதும். கார்டின்ர பின்பக்க மூண்டு இலக்கமும், போனுக்கு வாற ஓடிபி எண்ட ரகசிய நம்பரும் கேட்டா அது உங்கட காசு வெளியால போறதுக்கு. மாமாவுக்கு இதை விளங்கப்படுத்தத்தான் எனக்கு ஆகக் கூட நேரம் போனது, அவர் ஓடிபி எண்டா ஏதோ ரசீது நம்பர் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தவர்.

கடைசியா மேசையும் ஏசியும் கொட்டாஞ்சேனைப் பக்கம் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் போச்சு, 170,000க்கு, பேரம் பேசி, கதிரை ஒவ்வொண்டையும் ஆட்டிப் பாத்து, ஏசியை அரை மணித்தியாலம் போட்டுப் பாத்து எடுத்தவை. அந்த அலுப்பு எனக்குப் பிடிச்சிருந்தது, வாங்க வந்த ஆக்கள் அப்பிடித்தான் செய்வினம். காசு செஃப்ட்ஸில வந்த பிறகு தான் கதிரையில கை வைக்க விட்டன். வாங்குற ஆள் வராம அப்பில புக் பண்ணின பைக்கையோ லொறியையோ அனுப்பினா, காசு ஏறின பிறகு மட்டும் குடுங்கோ, வாற டிரைவருக்கு ஒண்டும் தெரியாது, அவரோட சண்டை பிடிச்சுப் பிரயோசனம் இல்ல. சாமான் ஏத்தேக்க ஒரு சின்ன ரசீது எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ, அடையாள அட்டை நம்பரோட, லொறியின்ர நம்பர் பிளேட்டையும் போனில ஒரு படம் எடுத்து வையுங்கோ, நான் கேட்ட ஒருத்தரும் இதுக்குக் கோவிக்கேல்ல.